மச்சான் பிடித்த கயிறு

என் வீட்டுக்காரர் ரோச் சங்கு குளிக்கிறவர். கடலுக்கடியில் இருக்கும்போது அவர் உயிர் ஒரு கயிற்றில் இருக்கும். மேலே வள்ளத்தில் அதைப் பிடித்திருப்பவன் என் அண்ணன் பாஸ்கல். பெண்டாட்டியின் உடன்பிறந்தவனைத் தவிர வேறு யார் கையிலும் எங்கள் ஊர் திரேஸ்புரத்தில் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். சொந்தத் தங்கச்சியின் தாலியை அறுக்க எவன் துணிவான் என்ற நம்பிக்கைதான்.

நாற்பத்திரண்டு கலவரத்தில் தந்திக் கம்பியை அறுத்து அண்ணன் ஆறு மாதம் ஜெயிலில் இருந்தான். அவன் வெளியே வந்த கையோடு எனக்குக் கல்யாணம். சுதந்திரம் வந்த அன்று அவனுக்கு மாலை போட்டார்கள். நானும் பெருமையில் தலைகால் தெரியாமல் திரிந்தேன்.

அந்த வருஷம் சங்கு குளிக்கிற காலம் தொடங்கியபோது ஒருநாள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். கட்சிக்காரர் பொன்னுதுரை அண்ணாச்சி, மேடையில் பேசுவது எப்படி என்று அண்ணனுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றது அவர்களுக்குத் தெரியாது.

"கம்பி அறுத்தத சொல்லு. ஜெயில்ல அடி வாங்குனத சொல்லு. உப்பளக் காவக்காரன் இனிகோவ நீ வெட்டுனத மட்டும் மூச்சு விட்டுராத. அவனும் நம்ம ஊர்க்காரன்தாம்லே."

இனிகோ என் மாமனார். கலவரத்தில் யாரோ வெட்டிவிட்டுப் போனார்கள் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் முகம் பார்த்தறியாத அந்த மனிதரின் கல்லறையில் வருஷாவருஷம் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவள் நான்.

அண்ணாச்சி கிளம்பியதும் அண்ணன் முன்னால் போய் நின்று கேட்டேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவேயில்லை.

"ஏளா, ஒஞ் சோலியப் பாரு. ஊரே மறந்துட்டு. நீ எதுக்குத் தோண்டுத?"

"அந்தக் கையிலதாம்மா என் புருசன் உசிரு இருக்கு."

"வாயத் தச்சுக்க. ஒண்ணும் ஆவாது."

எனக்கு அது முடியவில்லை. தகப்பனைக் கொன்றவன் யார் என்று மகனுக்குத் தெரிந்துவிட்டதாக அண்ணனுக்கு ஒரு சந்தேகம் வந்தால் போதும், கயிற்றை விட்டுவிடுவான். ஒரு தரம் வெட்டியவனுக்குக் கயிறு எம்மாத்திரம்? என் புருஷனைக் காப்பாற்ற வேண்டும், வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு ஆசை வைத்திருந்தேன் அந்த மனிதர்மேல். இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் கரைக்கு ஓடினேன். அண்ணன் வள்ளத்தில் ஏறியிருந்தான். ரோச் மணலில் உட்கார்ந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குப் போவாதீங்க. ஒங்க அப்பாவ வெட்டுனது எங்க அண்ணன்தான்."

அவர் சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியும். அப்பா ஆசுபத்திரியில பேரச் சொல்லிட்டுத்தான் செத்தாரு. எங்கம்மா நேரா ஒங்கம்மாகிட்டப் போனா. பொண்ணக் குடு, இல்லேன்னா போலீசுல பேரச் சொல்லுவேன்னா. ஒங்கம்மா அங்கனயே தலையாட்டிட்டா."

சீதனம் எதுவும் கேட்காமல் என்னைக் கட்டிக்கொண்ட உத்தமர் என்று ஊரெல்லாம் நான் பீற்றிக்கொண்டது இவரைத்தான்.

"ஒங்களுக்குக் கோவமே வரலியா?"

"அவனத் தூக்குல போட்டா எனக்கு என்ன கெடைக்கும்? எனக்குக் கயிறு பிடிக்க ஆளு வேணும். எங்க வாயத் தொறந்துருவமோன்னு அவன் பயந்து பயந்து பிடிக்கான். அதவிட நல்ல கை இந்தக் கரையில கெடையாது."

"அப்ப நானு?"

ஏற இறங்கப் பார்த்தார். நான் என்ன கேட்கிறேன் என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"நீ இருந்தாத்தானளா அவன் எனக்கு மச்சான்."

கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அண்ணன் கை நீட்டி அவரை வள்ளத்தில் ஏற்றிவிட்டு, ஒரு பீடியும் பற்றவைத்துக் கொடுத்தான். என் பக்கம் இரண்டு பேருமே திரும்பவில்லை.

கரையில் நின்ற பெண்கள், புருஷன்மார் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று மாதாவைக் கும்பிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நானும் அவர்களோடு முழங்காலிட்டேன். மாதாவே, எங்க அண்ணன் கை இன்னைக்கு வழுக்கட்டும் என்று வேண்டினேன்.