பேரில்லாத வேஷம்

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ராயபுரத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் ஜூடி வேலை பார்த்தாள். துறைமுகத்துக் கப்பல்காரர்கள் வீட்டுக்குப் பேச அங்கேதான் வருவார்கள். கோஃபியும் அப்படி வந்தவன். கானா நாட்டுக்காரன், அவள் வயசுதான் இருக்கும். எஞ்சின் பழுதாகி அவன் கப்பல் மாசக்கணக்கில் நின்றுவிட்டது. லைன் கிடைக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து இங்கிலீஷில் பேசிக்கொண்டிருப்பான். ஜூடி தட்டுத்தடுமாறிப் பதில் சொல்வாள்.

ஒருநாள் தெருவில் யாரோ "காப்பிரி" என்று, கறுப்பர்களை இளக்காரமாகச் சொல்லும் வார்த்தையை, அவனைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனார்கள். அர்த்தம் கேட்டான். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் தன்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்றாள்.

அவன் தன் ஊர்க் கடலோரக் கோட்டையைப் பற்றிச் சொன்னான். வெள்ளைக்காரன் கட்டியது. மாடியில் ஜெபக்கூடம். அதற்கு நேர் கீழே, வெளிச்சம் நுழையாத கிடங்கில், கப்பலேற்றி விற்பதற்காகப் பிடித்த ஆட்களை அடைத்து வைத்திருந்தார்கள். மேலே பாட்டுப் பாடும்போது கீழே செத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பேர் இருந்தது, ஏற்றியவன் எவனும் கேட்கவில்லை என்றான்.

ஜூடிக்கு வீட்டுக் கதை ஞாபகம் வந்தது. அவள் முப்பாட்டன் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பண்ணையில் அடிமை. நிலத்தை விற்றால் ஆளையும் சேர்த்தே விற்பார்களாம். அங்கிருந்து ஓடிவந்துதான் அந்த மனுஷன் பட்டணத்துக் கடற்கரையில் மூட்டை தூக்கினார். இதை அவனிடம் சொன்னாள். கிளம்பும்போது அவன் அவள் பிறந்த கிழமையைக் கேட்டான். செவ்வாய் என்றாள். எங்கள் ஊரில் பிறந்த கிழமையை வைத்துத்தான் பேர், அங்கே நீ அபெனா என்றான்.

அந்த வருஷம் மாதாகோயில் திருவிழா நாடகம், கறுப்பு அடிமைகளுக்கு இரங்கிய ஒரு வெள்ளைக்காரச் சாமியாரின் கதை. நடத்தியவர் பாஸ்கல் அண்ணன். ஆள் நல்ல சிவப்பு, சாமியார் வேஷமும் அவருக்குத்தான். அடிமைகளுக்கு முகத்தில் மை பூசினார்கள். ஜூடி முறை வந்தபோது, இவளுக்கு மை தேவையில்லை என்றார் பாஸ்கல். எல்லாரும் சிரித்தார்கள். அவளோடு அடிமை வேஷம் போட்ட கூட்டாளி பிலோமி மட்டும் சிரிக்கவில்லை.

தன் வேஷத்துக்கு ஒரு பேராவது வையுங்கள் என்று ஜூடி கேட்டாள்.

"அடிமைக்கு எதுக்கும்மா பேரு?" என்றார் பாஸ்கல்.

நாடகத்தன்று கோஃபி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். மேடையில் சங்கிலியோடு அடிமைகள் வந்தார்கள். சாமியார் சொம்பில் தண்ணீரோடு வந்ததும் எல்லாரும் அவர் காலில் விழவேண்டும். விழுந்தார்கள். ஜூடி நின்றாள்.

"விழு" என்று பல்லைக் கடித்தார் பாஸ்கல்.

அதுவரை செந்தமிழில் போய்க்கொண்டிருந்த நாடகத்தில் அவள் குரல் ராயபுரத்துக் குரலாகவே வந்தது.

"எனக்குப் பேரு கீது, சாமி. மொதல்ல அத்தக் கேளு. அப்பால தண்ணி குடு."

பாஸ்கல் பேரைக் கேட்கவில்லை. தன் வசனத்தை விட்ட இடத்திலிருந்து சொல்லிக்கொண்டே சொம்பை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"அபெனா," என்றாள் கூட்டத்தைப் பார்த்து.

பிலோமி எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றாள். மற்றவர்கள் குனிந்தே கிடந்தார்கள். அந்த ஒரு சொல் மட்டும் புரிந்த கோஃபி, கடைசி வரிசையில் எழுந்து நின்றான். அதற்குள் திரையை இழுத்துவிட்டார்கள்.

வீட்டில் அம்மா அழுதாள். அப்பா யேசுதாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். அன்று ராத்திரி, "நம்ம முப்பாட்டன் பேரு இன்னான்னு யோசிச்சிகினே கீறேன். எங்கப்பாவுக்கும் தெரியாது" என்றார். ஜூடி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் கமிட்டியில் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். இல்லையென்றால் இனி மேடை கிடையாது. அப்பாவும் கூட வந்திருந்தார். அவர் ஏதாவது சமாதானம் சொல்வார் என்று காத்திருந்தார்கள். அவர் மகளைப் பார்த்தார்.

"மேடைய நீங்களே வெச்சிக்கங்க," என்றாள் ஜூடி. "கால்ல விழறதுக்கு வேற ஆளப் பாருங்க."

அடுத்த மாசம் கோஃபியின் கப்பல் கிளம்பியது. காத்திவாக்கம் குப்பத்தில் வலை காயும் மணலில், பிலோமியும் ஜூடியும் சேர்ந்து ஒரு நாடகம் போட்டார்கள். பண்ணையிலிருந்து ஓடிவந்த ஒருவரின் கதை. அப்பா முதல் வரிசையில், மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.