உப்பு உறையும்வரை

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு வந்து, உட்காராமலே சொன்னார். "குழாய் ஹீட்டரை எல்லாம் ஆஃப் பண்ணிடுங்கம்மா."

கட்டுப்பாட்டு அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள். மற்றவர்கள் நிலையத்தை மூடக் கூடாதென்று வாசலில் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கேயே ஃபிட்டராக இருந்த அவள் கணவனும் அவர்களோடுதான். அந்தச் சூரிய மின் நிலையத்தை வாங்க நினைக்கும் கம்பெனிக்காரர்கள் திங்கட்கிழமை பார்க்க வருகிறார்கள். அதுவரை உப்பு உறையாமல் பார்த்துக்கொள்ள ஒருத்தர் உள்ளே இருக்கட்டும் என்று போராட்டக்காரர்களே அவளை அனுப்பியிருந்தார்கள். குழாயில் உறைந்துவிட்டால், திரும்ப இளக்குவதற்குள் பாதிக் குழாய் வெடித்துவிடும். அப்புறம் அதை யார் சீந்துவார்கள்?

பகலெல்லாம் கண்ணாடிகள் திரட்டிய வெயிலை உருகிய உப்பில் தேக்கி, பொழுது சாய்ந்தபின் மின்சாரமாக்கி விற்ற இடம் அது. மத்தியான மின்சாரம் எங்கும் மலிந்து கிடந்தது. இருட்டிவிட்டால் இவர்கள் கேட்டதுதான் விலை. அதில்தான் அவளும் அவனும் வீடு கட்டினார்கள். பிறகு பேட்டரிகள் மலிவாக வந்தன. இருட்டின் விலையும் படுத்துவிட்டது.

"திங்கக்கிழமை வர்றாங்களே சார்?"

"வந்தா இன்னும் இழுத்துக்கிட்டே போகும். முதலாளிக்கு இரும்பு விலைக்குப் போனாலே போதும்." குரலைத் தணித்தார். "நிலையத்தைப் பிரிக்கிற வேலைக்கு ஒரு ஆபரேட்டர் வேணும், ரெண்டு வருஷத்துக்கு. உங்களைத்தான் சொல்லியிருக்கேன்."

வீட்டுக்கு வந்த இரண்டு சம்பளமும் இந்த ஒரே வாசல் வழியாக வந்தவை. வருகிறவர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனால்? கணவனுக்கென்ன, நம்பிவிடுவான். நம்பிக்கையை அடுப்பில் ஏற்ற முடியுமா? அப்படி நினைத்ததற்கே அவளுக்குக் கூசியது. ஆனால் கை சுவிட்சுக்குப் போய்விட்டது. திரையில் ஹீட்டர்களின் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாயின. ஒரு சத்தமும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. சூடு இறங்கினால் ஃபிட்டர்களுக்கு எச்சரிக்கை போகும் என்பதை மறந்திருந்தாள்.

"ஹீட்டர் தானா ட்ரிப் ஆயிருக்கு போல," என்றான் கணவன், மூச்சு வாங்க. "பதறாத. நல்லவேளை நீ உள்ள இருக்க. திரும்பப் போடு."

மேனேஜர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ட்ரிப் ஆகலைங்க," என்றாள்.

அந்தப் பக்கம் கூட்டத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. அப்புறம் அவன் போனை வைத்துவிட்டான்.

உப்பு உறைந்தபின், வேலை முடிந்து அவள் வெளியே வந்தபோது யாரும் திட்டவில்லை. எழுந்து வழிவிட்டார்கள், ஒரு லாரி போகிற அளவுக்கு. விலகியவர்களில் அவனும் இருந்தான். பக்கத்தில் நின்றவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்தான்.