ஐந்து தோட்டாவும் ஒரு நோட்டும்

அமெரிக்க மலைப்பள்ளத்தாக்கு ஒன்றிலுள்ள டாலி க்ரீக் ஊரில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது நாடீன் க்வாமேயுடையது. எல்க் மான் வேட்டைக்காலம் சனிக்கிழமை விடியலில் தொடங்கவிருந்தது. ஆகவே அந்தத் திங்கட்கிழமை காலையில் அவளுடைய மேசையில் ஒன்பது துப்பாக்கிகள் பெயர்ச்சீட்டு கட்டப்பட்டு ஏற்கெனவே காத்திருந்தன. பத்தாவதைக் கொண்டுவந்தவர் ஆர்வில் டாலிஃப்சன்.

ஆர்வில்லுக்கு வயது எழுபத்தொன்று. பள்ளத்தாக்கின் மேற்கோரத்தில் மாட்டுப்பண்ணை வைத்திருந்தார். மற்றவர்கள் தொலைநோக்கி பொருத்திய நீண்ட துப்பாக்கிகளுடன் மலையேறுகையில், அவர் இடுப்பில் ரிவால்வர் எனும் சுழல்துப்பாக்கி ஒன்றை மட்டும் கட்டிக்கொண்டு குதிரையில் தனியே போவார். அது அவருடைய தந்தை வாங்கியது. ஒவ்வொரு முறையும் தோட்டாவை அடிக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்த பிறகே சுடக்கூடிய பழைய வகை. மானை முப்பதடி, நாற்பதடிக்குள் நெருங்காமல் அதைக்கொண்டு எதுவும் செய்ய இயலாது. அந்த நெருக்கத்துக்காகவே அவர் அதை விரும்பினார் என்று நாடீன் நினைப்பதுண்டு.

"நாடீன், இந்தக் காப்பி போன வருஷம் போட்டதா, அதுக்கும் முந்தினதா?" என்று கேட்டுக்கொண்டே அவர் உள்ளே வந்தார்.

"உங்களுக்குன்னே எடுத்து வெச்சேன். மிச்சம் இருந்தா சொல்லுங்க, துரு எடுக்க ஆகும்" என்றாள் நாடீன்.

வழக்கம்போல அவரே தோட்டாக்களை இறக்கினார். பட்டறைக்குள் வந்தவர் தம் கையால் இறக்கிய பின்பே துப்பாக்கியை நீட்டவேண்டும் என்பது அந்த ஊரின் மரியாதை. துப்பாக்கியின் பக்கக் கதவைத் திறந்து, ஆறு தோட்டா அறைகள் கொண்ட உருளையை ஒவ்வோர் அறையாகத் திருப்பி, கம்பியால் தள்ளித் தள்ளிக் காலிக் காப்பி டப்பாவுக்குள் விழவிட்டார். கண் ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்திருந்த மலைமுகட்டின்மேல் இருந்தது. வாய் வைக்கோல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. "அஞ்சு தோட்டா இருக்கு. அப்பாவோட நோட்டு உள்ளயே இருக்கு. அதை மட்டும் தொலைச்சிடாதே" என்றார். நாடீன் சீட்டில் 'ஐந்து தோட்டா, ஒரு நோட்டு' என்று எழுதிக்கொண்டாள்.

அந்த ஐந்துக்கு ஒரு காரணம் இருந்தது. பழைய சுழல்துப்பாக்கியில் சுத்தியல் தோட்டாவின் முதுகின்மேலேயே சாய்ந்திருக்கும்; மேலே ஒரு தட்டு விழுந்தால் வெடித்துவிடும். ஆகவே ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, காலியான அறையின்மேல் சுத்தியலை இறக்கி வைப்பார்கள். ஒன்று போடு, ஒன்றை விடு, நான்கு போடு என்பது அந்தப் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரிந்த எண்ணிக்கை. காலி அறையில் சிலர் ஐந்து டாலர் நோட்டு ஒன்றைச் சுருட்டிச் செருகி வைப்பார்கள். மலையில் செத்துக்கிடந்தால் கண்டெடுப்பவர் புதைக்கும் செலவுக்கு. ஆர்வில்லின் சித்தப்பா ஒருமுறை அவசரத்தில் ஆறையும் நிரப்பினார். குதிரையின் சேணவாரை இறுக்கும்போது, மேலே தூக்கி மாட்டியிருந்த, கால் நுழைக்கும் வளையம் நழுவிச் சுத்தியலின்மேல் விழுந்து தோட்டா வெடித்தது. எஞ்சிய நாளெல்லாம் அவர் ஒரு காலைச் சாய்த்தே நடந்தார்.

பிற்காலத்தில் துப்பாக்கி செய்த நிறுவனமே இந்தக் குறையைத் தீர்க்க ஒரு மாற்றம் கொண்டுவந்தது. சுத்தியலுக்கும் தோட்டாவுக்கும் இடையில் மெல்லிய எஃகுப் பட்டை ஒன்று. விசையை முழுதாக இழுத்தால் மட்டுமே அது மேலெழுந்து அடியைக் கடத்தும். ஆர்வில்லின் துப்பாக்கிக்கும் அந்தப் பட்டை போடப்பட்டு, கழற்றிய பழைய உறுப்புகள் ஒரு சிறு பையில் திரும்பி வந்திருந்தன. அந்தப் பையைத்தான் அவர் இப்போது மேசைமேல் வைத்தார்.

செய்யவேண்டியவை நான்கு. உருளை சுற்றி நிற்கும்போது குழலுக்கு நேராக வராமல் ஒரு மயிரிழை முன்னதாகவே நின்றுவிடுகிறது, அதைச் சரிசெய்யவேண்டும். சுடும்போதெல்லாம் உருளையின் அச்சாணி முன்னுக்கு நழுவுகிறது. இறுகப் பிடிக்கும் புதிய ஆணி வேண்டும். குழல் நுனியில் குறிபார்க்க உதவும் முன்குறி அவர் கண்ணுக்கு மங்கிவிட்டது. பித்தளை மணி வைத்த உயரமான குறி வேண்டும். நான்காவது, பட்டையை எடுத்துவிட்டுப் பழைய உறுப்புகளைத் திரும்பப் போடவேண்டும். பட்டை இருந்தால் விசை மணல்மூட்டையை இழுப்பதுபோல இருக்கிறதாம். சுத்தியலை இழுக்கும்போது கேட்கும் சொடுக்குகளிலும் ஒன்று குறைகிறதாம். தந்தையின் துப்பாக்கி அப்படிப் பேசாது என்றார். நாடீன் முந்தைய வாரமே தொலைபேசியில் சம்மதித்திருந்தாள். நாற்பதாண்டுகள் ஐந்துக்குமேல் போடாத மனிதர். அவருக்கு மறுப்பதற்கு அவளிடம் நியாயம் இருக்கவில்லை.

அவர் போன பிறகு, நோட்டைக் கிழியாமல் எடுப்பதற்காக ஒரு பல்குச்சியுடன் உருளையைக் கையில் எடுத்தாள். ஆறு அறைகளிலும் வெளிச்சம் தெரிந்தது. நோட்டு இல்லை. டப்பாவைக் கவிழ்த்தாள். ஆறு தோட்டாக்கள் உருண்டன. ஆறின் முதுகிலும் ஆர்வில் தம் கையால் தயாரிக்கும் தோட்டாக்களுக்கு மட்டும் பூசும் சிவப்புச் சாயம் இருந்தது.

அவள் ஆறையும் மறுபடி டப்பாவில் போட்டாள். பட்டை இருக்கிற தைரியத்தில் அவர் ஆறு போடத் தொடங்கியிருக்கலாம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அப்படியென்றால் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஐந்து என்று அவர் சொன்ன தொனியில் பொய் இல்லை.

செவ்வாய் முழுவதும் அவள் முதல் மூன்று வேலைகளைச் செய்தாள். உருளையைத் தள்ளித் திருப்பும் சிறு உறுப்புக்கு 'கை' என்று பெயர். அதன் நுனி தேய்ந்திருந்தது. புதிய கையைச் சற்று நீளமாக எடுத்துக்கொண்டு, அரத்தால் இரண்டு இழைப்பு, பொருத்திப் பார்ப்பது, மறுபடி கழற்றி இன்னும் ஓர் இழைப்பு என்று பொறுமையாகக் குறைத்துக்கொண்டே வந்தாள். அதிகம் தேய்த்துவிட்டால் திரும்ப வளர்க்க முடியாது. ஆறு அறைகளும் குழலுக்கு நேராக வந்து நின்றபோது மாலையாகிவிட்டது. நான்காவது வேலைக்கு அவள் கை போகவில்லை. கொடுத்த வாக்கு நெஞ்சில் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. அந்த ஊரில் வாக்கு மாறிய பட்டறைக்காரியிடம் யாரும் மறுபடி வரமாட்டார்கள். ஆயினும் பட்டையைக் கழற்றாமல், அதன் உரசும் விளிம்பை எண்ணெய் தடவிய சாணைக்கல்லில் மெருகேற்றி, ஸ்பிரிங்கையும் மாற்றிப் பார்த்தாள். விசை முன்பைவிட நன்றாகவே இளகியது.

புதன்கிழமை நண்பகலில் ஆர்வில் சொடுக்கைக் கேட்டுப்போக வந்தார். நாடீன் அவருக்கு நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள். பிறகு எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் கைத்துணியை இருமுறை மடித்தாள்.

"இப்பல்லாம் எத்தனை போட்டுட்டுப் போறீங்க?"

"இதென்ன கேள்வி? அஞ்சு. சித்தப்பா நடக்கறதப் பாத்து வளந்தவன்கிட்ட வந்து கேக்கற."

"பட்டை போட்ட பிறகும்?"

"பட்டை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? அஞ்சும் நோட்டும்."

அவள் டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள். "நீங்க இறக்கினது. நான் ஒண்ணும் சேக்கல. எண்ணிப் பாருங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் நிறுத்தினார். ஐந்தாவதை நிறுத்தியபோது சிரிப்பு இருந்தது. ஆறாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு உன்னோடது கலந்திருக்கும்."

"சிவப்புச் சாயம் இந்த ஊர்ல வேற யாரு வைக்கறாங்க?"

அவர் தோட்டாவைத் திருப்பிப் பார்த்தார். வெளியே யாருடைய வண்டியோ நின்று மறுபடி கிளம்பிப் போயிற்று. "நோட்டு?" என்றார் கடைசியில்.

"உள்ள இல்ல. நீங்கதான் எடுத்திருக்கணும்."

எடுத்த நினைவு அவருக்கு இல்லை. நிரப்பிய நினைவும் இல்லை. நாடீனைப் பாராமல் முகட்டைப் பார்த்தபடி, போன மாதம் கன்றுகளை எண்ணியபோது மூன்று முறையும் மூன்று கணக்கு வந்ததைச் சொன்னார். வேலிக் கதவைச் சாத்தினோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போனதையும் சொன்னார். வெளிச்சம் போதவில்லை என்று வெல்மாவிடம் சொல்லிச் சமாளித்திருந்தார். வெல்மா அவருடைய மனைவி. நாற்பத்தாறு ஆண்டுகளாக அவரிடம் எதையும் மறைக்காதவள்.

"நான் வாக்குக் குடுத்தேன்" என்றாள் நாடீன். அவள் குரல் தாழ்ந்திருந்தது. "ஆனா பழசைத் திரும்பப் போட மாட்டேன். மன்னிச்சுக்குங்க. வேற எங்கயாவது கொண்டு போனீங்கன்னா தடுக்க எனக்கு வழியில்ல."

"பில்லிங்ஸ் டவுன்ல ஒருத்தன் இருக்கான்" என்றார் ஆர்வில். "கேள்வி கேக்காம போட்டுக் குடுப்பான்."

"குடுப்பான். உங்களத் தெரியாதவன்."

ஆர்வில் ஆறாவது தோட்டாவை மேசைமேல் வைத்தார். துப்பாக்கியை எடுத்து, காலியாக இருக்கிறதா என்று பக்கக் கதவைத் திறந்து ஆறு அறைகளையும் பார்த்தார். பார்த்ததை நம்பாதவர்போல இன்னொரு சுற்றும் பார்த்தார். பிறகு ஒரு மூலையை நோக்கிக் குறிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு சுத்தியலை மெல்லப் பின்னுக்கு இழுத்தார். ஒரு சொடுக்குக் குறைவாகவே கேட்டது. விசையை இழுத்தார். புருவம் உயர்ந்தது.

"மணல்மூட்டை எங்க போச்சு?"

"பாதி மூட்டைய இறக்கிட்டேன்."

"இருந்தாலும் இது அப்பாவோட துப்பாக்கி மாதிரிப் பேசல."

"சித்தப்பாவோட கால் மாதிரியும் நடக்காது" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாடீன் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆனால் ஆர்வில்லுக்கு வாய்க்கோணத்தில் சிறு சிரிப்பு வந்தது. எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டார். உறுப்புகள் இருந்த பையைக் கையில் எடுத்து, எடை பார்ப்பதுபோல ஒருமுறை தூக்கி, மறுபடி மேசையில் வைத்தார். துப்பாக்கியை வாங்க வெள்ளிக்கிழமை தாம் வரப்போவதில்லை என்றார். வாசலில் நின்று, தோட்டாக்களும் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பின்னால் வந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பில்லிங்ஸ் போவாரா, வேட்டையையே விட்டுவிடப்போகிறாரா என்று நாடீனுக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமை ஐந்து துப்பாக்கிகளைச் சரிசெய்து கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் இடையில் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டாள். ஒரு மனிதரின் மலையைப் பறிப்பதற்குத் தனக்கு என்ன உரிமை என்று ஒரு நேரமும், பறிக்காமலிருக்க என்ன உரிமை என்று மறுநேரமும் தோன்றியது. 

வெள்ளிக்கிழமை மாலை, கடை சாத்தும் நேரத்தில் வெல்மா வந்தாள். குட்டையான, சிவந்த கன்னமுள்ள பெண். மேல்கோட்டைக் கழற்றாமலே, கைப்பையிலிருந்து சுருள் கலையாத பழைய ஐந்து டாலர் நோட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டு வாரத்துக்கு முன் துவைக்க எடுத்த சட்டைப் பையில் அது இருந்ததாம். அவரிடம் கேட்க அவளுக்கு மனம் வரவில்லையாம்.

"புதன்கிழமை அவரே சொல்லிட்டாரு" என்றாள் வெல்மா. "மாட்டுக்குத் தீனி வெக்கறப்போ, மாட்டுகிட்ட சொல்ற மாதிரி. நான் அந்தப் பக்கம் நின்னுட்டிருந்தேன்."

நாடீன் அவளுக்குக் காப்பி ஊற்றினாள்.

"நாளைக்கு ரெண்டு குதிரை போகுது" என்று வெல்மா தொடர்ந்தாள். "எனக்குக் குதிரையில உக்காந்தா இடுப்பு வலிக்கும்னு உலகத்துக்கே தெரியும். அவரு கேட்டாரு, நான் சரின்னுட்டேன். தோட்டாவ நான் போடணுமாம், அவரு சுடணுமாம். எண்ணறது எப்படின்னு உன்கிட்ட கத்துக்கிட்டு வரச் சொன்னாரு."

நாடீன் வெடிக்காத பயிற்சித் தோட்டாக்கள் ஆறை மேசையில் வைத்துவிட்டு, பிறகு ஒன்றை எடுத்து இழுப்பறைக்குள் போட்டாள். ஆர்வில்லின் துப்பாக்கியில் சுத்தியலைப் பாதி இழுத்துப் பக்கக் கதவைத் திறக்கக் காட்டிக் கொடுத்தாள். வெல்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, சட்டைக்குப் பொத்தான் தைக்கும் கவனத்தோடு செய்தாள். ஒன்று போட்டாள். ஒன்றை விட்டாள். நான்கு போட்டாள். பிறகு சுத்தியலை முழுதாக இழுத்து, கட்டைவிரலால் பிடித்து மெல்ல இறக்கினாள். நாடீன் பக்கவாட்டில் பார்த்தாள். சுத்தியலின் கீழே இருந்தது காலி அறை.

"பட்டை இருக்கறப்போ அஞ்சு எதுக்குன்னு கேட்டேன்" என்றாள் வெல்மா. "பட்டை நாடீனோட கணக்கு, அஞ்சு என்னோட கணக்குன்னாரு."

நாடீன் ஐந்து பயிற்சித் தோட்டாக்களையும் இறக்கச் சொன்னாள். வெல்மா இறக்கினாள். இன்னொரு முறை போடட்டுமா என்று அவளே கேட்டாள். இருவரும் அதை ஏழு தடவை செய்தார்கள். ஏழாவது தடவையில் வெல்மா நோட்டை இன்னும் இறுகச் சுருட்டி, காலி அறைக்குள் பல்குச்சியால் மெல்லத் தள்ளினாள்.