கூட்டம் இல்லாத திங்கட்கிழமை

ஹாலாஸ்யத்துக்கு அந்த மார்கழியில் ஒரே ஒரு காரியம்தான் சரியாக நடந்தாக வேண்டியிருந்தது. அரையாண்டு விடுமுறைக்குக் கோயம்புத்தூரிலிருந்து வரும் மகள் தீப்தியை, கூட்டம் இல்லாத ஒரு நாளாகப் பார்த்துத் தீம் பார்க்குக்கு அழைத்துப்போய், முகம் வாடாமல் திருப்பி அனுப்ப வேண்டும்.

கேட்பவர்களுக்கு இது லேசான காரியமாகத் தோன்றும். அவருக்கு அப்படி இல்லை. தேவிகாவும் அவரும் பிரிந்த பிறகு குழந்தை தாயிடம் வளர்கிறாள். பள்ளி விடுமுறையில் மட்டும் மதுரைக்கு வந்து இரண்டு நாள் தகப்பனோடு இருப்பாள். போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பார்க்குக்குப் போனார்கள். பொழுது பூராவும் வெயிலில் நின்று, சுற்றுகிற படகு ஒன்றில் மட்டும் ஏறிவிட்டு, ஊருக்குப் போனதும் குழந்தை காய்ச்சலில் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்த கோடை விடுமுறைக்கு அவள் மதுரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இந்தத் தடவை தேவிகா போனில் சொன்னதும் அதுதான். "அவளுக்கு வர இஷ்டமே இல்லை. இன்னும் ஒரு தடவை போயிட்டு வான்னு நான்தான் சொல்லி அனுப்பறேன். மறுபடியும் கூட்டத்துல போட்டு வதைச்சேள்னா, அப்பறம் நான் அவளைப் போன்னு சொல்ல மாட்டேன். இதை இப்பவே சொல்லிடறேன்."

குரலில் கோபம் இருந்திருந்தால் அவரும் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். கோபம் இல்லை. அலுத்துப்போனவர்கள் பேசுகிற மாதிரி பேசினாள். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது இந்தக் கூட்ட ஆராய்ச்சி. ஹாலாஸ்யம் மருந்து மொத்த வியாபாரக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். முதலில் பார்க்குக்கே போன் போட்டுக் கேட்டார். "எல்லா நாளுமே நல்லா இருக்கும் சார், ஃபேமிலியோட வாங்க" என்றது ஒரு பெண் குரல். செல்போனில் தேடினால் எந்த மணிக்கு எவ்வளவு கூட்டம் என்று நீலக் கட்டைகள் வந்தன. ஆனால் அந்தக் கட்டைகள் பள்ளிக்கூடம் நடந்த வாரத்துக் கட்டைகள். விடுமுறைக்கு எப்படிப் பொருந்தும்? ஆகவே அவரே ஒவ்வொரு நாளாகக் கழித்துக்கொண்டு வந்தார். கிறிஸ்துமஸ் ஆகாது, மறுநாள் கண்கூடாகப் பார்த்ததுதான். வெள்ளியன்று கம்பெனியில் லீவு கிடைக்காது. சனி, ஞாயிறு பேச்சே இல்லை. வருஷக் கடைசி நாளில் பைக்கில் பையன்கள் வந்து குவிவார்கள். புத்தாண்டன்று கோயிலுக்குப் போனவர்கள் எல்லாரும் அப்படியே அங்கேயும் போவார்கள். கழித்தது போக மிஞ்சியது ஒரு திங்கட்கிழமை.

காலண்டரைப் பார்த்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அமாவாசை.

"அக்கா, இதைப் பாரேன்" என்று தமக்கை பாலாம்பாளைக் கூப்பிட்டுக் காட்டினார். தேவிகா போன பிறகு அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான்.

பாலாம்பாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "அமாவாசையும் அதுவுமா எவன்டா பார்க்குக்குப் போய் ஆடுவான்? நம்ம தெருவையே எடுத்துக்கோ. தர்ப்பணம் முடிஞ்சு, சமையல் முடிஞ்சு, சாப்பிட்டு எழுந்திருக்கறதுக்கே மத்தியானம் ஆயிடும். ஒரு ஈ காக்கா வெளில வராது."

"நானும் அதைத்தான் சொல்றேன்."

"நீ மட்டும் எப்படிப் போவே?"

"விடிகாலைல முதல் ஆளா தர்ப்பணத்தை முடிச்சுடறேன்."

"வெளில எதையும் வாங்கித் தின்னுடாதே" என்றாள் பாலாம்பாள். சம்மதம் கிடைத்த மாதிரிதான்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் கம்பெனியில், சரக்குப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த அழகுபாண்டியிடம் பேச்சுவாக்கில் கேட்டார். "ஏம்ப்பா, அமாவாசை அன்னிக்கு உங்க பக்கத்து ஜனங்க எங்கே போவா?"

"கோயிலுக்குத்தேண்ணே. எங்க சொந்தக்காரவுக பூராம் அழகர்கோயில் மேல ராக்காயி அம்மன்கிட்ட போய் நிப்பாக. அன்னைக்கு அந்தப் பக்கம் கால் வைக்க முடியாது." பெட்டியைத் தள்ளிவிட்டுத் திரும்பினான். "ஏண்ணே, எங்கிட்டாச்சும் போறீகளா?"

"தீம் பார்க். குழந்தை வரா. கூட்டம் இருக்கப்படாது."

"கூட்டம் இல்லாத பார்க்குக்குப் போய் என்னண்ணே பண்ணுவீக? ராட்டினக்காரன் மூஞ்சியவா பாக்குறது?" என்று சிரித்தான்.

ஹாலாஸ்யமும் சிரித்து வைத்தார். மொத்தக் கூட்டமும் மலைமேல் இருக்கப்போகிறது. இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

திங்கட்கிழமை விடிந்ததும் விடியாததுமாக எள்ளும் தண்ணீரும் விட்டு, விரலிலிருந்த தர்ப்பைப் பவித்திரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு டம்ளர் காப்பியோடு கிளம்பினார். தீப்தி தூக்கக் கலக்கத்திலேயே பஸ்ஸில் ஏறி, ஜன்னலில் தலை சாய்த்துக்கொண்டாள். முந்தின நாள் வந்ததிலிருந்து கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் எப்படி? நன்னா இருக்கு. அம்மா எப்படி? நன்னா இருக்கா. பத்து வயதுக் குழந்தையிடம் அதற்கு மேல் என்ன கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை. பஸ் மேலூரைத் தாண்டிக் கொட்டாம்பட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. சாலை காலியாகத்தான் இருந்தது. அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் தெம்பு வந்தது.

பார்க் வாசலில் இறங்கியதும் தெம்பு போய்விட்டது.

சாலையோரம் பூராவும் வேன்கள். அவற்றுக்கு நடுவே தார்ப்பாய் போட்ட குட்டி யானை வண்டிகள். வண்டி வண்டியாக ஜனம் இறங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் குங்குமமும் ஈரத் தலையுமாகப் பெண்கள், தூக்குவாளிகள், இடுப்பில் குழந்தைகள். டிக்கெட் வரிசை வாசலைத் தாண்டிப் புளியமரம் வரைக்கும் வந்து, அங்கே மடங்கித் திரும்பவும் வாசலுக்கே போயிருந்தது.

தீப்தி வரிசையை ஒரு தடவை பார்த்தாள். முதுகுப் பையைக் கொஞ்சம் ஏற்றிப் போட்டுக்கொண்டாள்.

வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். முன்னால் நின்ற ஆள் தோளில் துண்டோடு திரும்பிப் பார்த்தார். காய்த்துப்போன கைகள், விரலிடுக்குகளில் சிமெண்ட் அரித்த தடம்.

"என்னங்க இது, இத்தனை கூட்டம்?" ஹாலாஸ்யத்தால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "இன்னிக்கு அமாவாசையாச்சே?"

"அமாவாசைன்றதாலதேன் சார் வந்ததே! இன்னைக்குத்தேன் எங்களுக்கு லீவு." அந்த ஆள் தாராளமாகப் பேசினார். "நான் கொத்தனாரு, பேரு சின்னச்சாமி, திருவாதவூரு. அமாவாசைக்கு எந்தச் சைட்டுலயும் வேல நடக்காதுல்ல? காலைல ராக்காயியக் கும்புட்டுட்டு, பிள்ளைகளுக்கும் லீவா இருக்கேன்னு அப்பிடியே வண்டிய இங்கிட்டுத் திருப்பிட்டோம். திங்கக்கிழமை எவனும் வரமாட்டான்னு எங்க மாப்ள வேற சொன்னாரு. வந்து பாத்தா மேஸ்திரி நிக்கிறாரு, சித்தாளு நிக்குது, கம்பி கட்டுறவன் நிக்கிறான். சைட்டே இங்கதேன் சார் இருக்கு!"

பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "சிரிச்சது போதும், வரிசை நகருது, போங்க" என்று முதுகில் தள்ளினாள்.

ஹாலாஸ்யத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு இது தெரியாத சங்கதியும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சமையலறைத் தரையைப் பெயர்த்துப் போட்டபோது, அமாவாசையன்று கொத்தனார் வரவில்லை. பாவம், அவருக்கும் தர்ப்பணம் இருக்கும் என்று அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டார்கள். மறுநாள் வந்தவருக்குக் கூடுதலாக ஒரு டம்ளர் காப்பி கூடக் கொடுத்தார்கள். தம் தெருவுக்கு அமாவாசை எப்படியோ அப்படித்தான் மதுரைக்கே என்று இத்தனை வருஷமாக நினைத்திருக்கிறார். கழித்துக் கழித்து அவர் மிச்சம் வைத்த நாள், சுற்று வட்டாரத்துக் கட்டட வேலைக்காரர்களுக்கெல்லாம் மாதத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு நாள்.

உள்ளே போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. தண்ணீர்ச் சறுக்குக்கு ஒரு வரிசை, ராட்சத ராட்டினத்துக்கு ஒரு வரிசை, கழிப்பறைக்கு ஒரு வரிசை. தீப்தி கேட்டது ராட்டினம். நின்றார்கள். காலிலிருந்து இடுப்பு வரைக்கும் வலி ஏறியது. காலையில் குடித்த காப்பி எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. சின்னச்சாமியின் குடும்பமும் அதே வரிசைக்குத்தான் வந்திருந்தது. அவருடைய மகள் தீப்தியின் உயரம்தான் இருப்பாள். இரண்டும் முதலில் செருப்பைப் பார்த்துக்கொண்டன, பிறகு வளையலைப் பார்த்துக்கொண்டன, பிறகு என்னவோ பேச ஆரம்பித்துவிட்டன.

ஹாலாஸ்யத்தின் கண் மட்டும் அலைந்துகொண்டே இருந்தது. அந்தப் பக்கம் கப்பல் ஊஞ்சல் வரிசை குறைவாகத் தெரிந்தது. கழுத்தை நீட்டிப் பார்த்தார். நகர்கிற மாதிரியும் இருந்தது.

"தீப்தி, வா. அங்கே சீக்கிரம் போயிடும் போல இருக்கு. அதை முடிச்சுண்டு இங்கே வந்துடலாம்."

"வேண்டாம்ப்பா."

"இங்கே நின்னா எப்பப் போறது? வா சொல்றேன்."

"வேண்டாம்ப்பா!" குரல் உயர்ந்துவிட்டது. முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போன வருஷமும் நீ இப்படித்தான் பண்ணினே. இந்த லைன் வேகமாப் போறது, அந்த லைன் வேகமாப் போறதுன்னு இழுத்துண்டே போனே. ஒண்ணுலயும் கடைசி வரைக்கும் நிக்கலை. எனக்குக் கை வலிச்சுது."

அவர் பிடித்திருந்த கையைப் பார்த்தார். மணிக்கட்டைத்தான் பிடித்திருந்தார், சாமானைத் தூக்குகிற மாதிரி. விட்டுவிட்டார்.

"அப்போ கூட்டம்..."

"கூட்டம்னா கூட்டம்தானே இருக்கும்" என்றாள், அது என்னவோ பெரிய விஷயமே இல்லை என்பதுபோல.

சின்னச்சாமியின் மனைவி தூக்குவாளியைத் திறந்து புளிச்சோற்றைக் காகிதத்தில் வைத்து எல்லாருக்கும் கொடுத்தாள். "இன்னைக்குச் சைவந்தேன், சாப்புடுங்க சார்" என்று நீட்டினாள். "இல்லம்மா, இன்னிக்கு நான் வெளில சாப்பிடறதில்லை" என்றார். தீப்தி வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண்ணும் இவளுமாக ஒரே காகிதத்தில் கடலையைத் தேடித் தேடித் தின்றார்கள். பாலாம்பாள் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். அவர் சொல்லவில்லை. சொல்லத் தெம்பும் இல்லை. தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டார். கப்பல் ஊஞ்சல் வரிசை இப்போது எப்படி இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது. கஷ்டப்பட்டுத்தான் பார்க்காமல் இருந்தார்.

ராட்டினம் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்கு வந்தபோது செல்போன் அடித்தது. தேவிகா.

அவர் எடுக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு அலறுகிறது, சுற்றிலும் ஊரே கத்துகிறது. எடுத்தால் எதையும் மறைக்க முடியாது. மறைக்கிற பழக்கமும் அவருக்கு இல்லை. கேட்டால் சொல்லிவிடுவார்: ஆமாம், கூட்டம்தான், நான்தான் தப்பாக நாள் பார்த்துவிட்டேன் என்று. அதோடு முடிந்துவிடும்.

தீப்தி எட்டிப் பார்த்தாள். "அம்மாவா? குடு." புளி ஒட்டிய விரலாலேயே வாங்கிக் காதில் வைத்தாள்.

"ம்... வந்துட்டோம்மா. ராட்டினத்துக்கு நிக்கறோம்... இல்லம்மா, அவ்வளவா இல்லை. ஒரு பத்துப் பேர் இருப்பா... சத்தமா? அது பாட்டுப் போட்டிருக்கான்." பின்னாலிருந்து ஒரு கைக்குழந்தை வீறிட்டது. அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "அதுவா, பக்கத்துல ஒரு பாப்பா... சாப்பிட்டேன், புளியோதரை... அப்பாவா? சும்மாதான் நிக்கறா."

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது தகப்பன் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நான் பத்துப் பேர்னு சொல்லியிருக்கேன். நீ ராத்திரி அம்மாகிட்ட நூறு, இருநூறுன்னு மாத்திச் சொல்லிடாதே."

"ஏன் அப்படிச் சொன்னே?"

"அப்பறம் அம்மா ஏப்ரல்ல அனுப்ப மாட்டா" என்றாள். "இவா ஊர்ல கண்மாய் இருக்காம்ப்பா. அப்போ தண்ணி வத்தி மீன் பிடிப்பாளாம்."

ஹாலாஸ்யம் தலையாட்டினார். வரிசை இரண்டடி நகர்ந்தது; எல்லாரோடும் சேர்ந்து அவரும் நகர்ந்தார்.