மூச்சு வாங்கிய இடம்

1

இந்தக் கதை என் மனதில் தானாக ஊறியதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் ரத்த உறைவுப் பிரிவின் பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பி, "நோட்டீஸ் அடிச்சு ஒட்டினோம், ஒருத்தரும் படிக்கல. கதைன்னா படிப்பாங்க. காத்திருக்கிற இடத்துல மாட்டி வைக்க ஒண்ணு எழுதிக் குடுங்க. கடைசியில ஒருத்தர் சாகணும். பயம் இருந்தாத்தான் நேரத்துக்கு வருவாங்க" என்றார். சாவுக்கு ஆர்டர் கொடுக்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன். பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

முதல் தொடக்கம்: "நம் உடலில் ஓடும் ரத்தமானது சில வேளைகளில்—"

வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: "அவள் காத்திருந்தாள்."

கதைகளில் பெண்கள் காத்திருந்து காத்திருந்து அவர்களுக்கே அலுத்துப்போயிருக்கும். இதையும் அடித்தேன். (ஆனால் அவள் காத்திருக்கத்தான் செய்கிறாள். அதற்கு நான் என்ன செய்ய?)

2

அவள் அந்தப் பிரிவில் நர்ஸ். ஊசி போடுவதைவிடப் பாடம் சொல்வதுதான் அவளுக்கு முக்கியமான வேலை. ஆபரேஷன் முடிந்தவர்கள், மாவுக்கட்டுப் போட்டவர்கள், பிள்ளை பெற்றவர்கள், துணைக்கு வந்தவர்கள் எல்லாரையும் தினமும் காலையில் உட்காரவைத்து, ஒரு பிளாஸ்டிக் காலைத் தூக்கி மேஜைமேல் வைப்பாள்.

"ஒரு கால் மட்டும் வீங்குதா, கெண்டைச்சதை வலிக்குதா, தொட்டாச் சுடுதா, சிவந்திருக்கா? அமுக்கி விடாதீங்க, எண்ணெய் போட்டுத் தேய்க்காதீங்க, நேரா இங்க வாங்க. உறைஞ்ச ரத்தம் கால்லயே கிடக்கும்னு நினைக்காதீங்க. அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனா திடீர்னு மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும். அப்புறம் நாளைக்குப் பார்த்துக்கலாம்ங்கிற பேச்சே கூடாது."

சொல்லி முடித்ததும் விட்டுவிட மாட்டாள். கேட்டவர்கள் தங்கள் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். "தலை ஆடுது, சரி. உள்ள போச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்பாள்.

(டாக்டர் கேட்ட செய்தி இத்தோடு முடிந்தது. வந்த காரியம் ஆயிற்று என்பவர்கள் எழுந்து போகலாம்.)

3

அவள் கணவன் லாரி டிரைவர், தொலைதூர ஓட்டம். (முதலில் அவனைத் தையல்காரனாக எழுதினேன். தையல்காரன் பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வந்துவிடுகிறான், கதை நகர மாட்டேனென்கிறது. அவனை ஊரைவிட்டு அனுப்பிய பாவம் என்னைச் சேர்ந்தது.) மணிக்கணக்கில் காலை மடக்கி உட்கார்ந்தே இருக்கிற பிழைப்பு. அப்படி உட்கார்ந்தால் என்ன வருமென்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் அவன் பெண்டாட்டி.

மத்தியானத்தில் எங்காவது வண்டியை ஓரங்கட்டி போன் செய்வான். மற்ற வீடுகளில் "சாப்பிட்டீங்களா" என்று ஆரம்பிப்பார்கள். இவள் "இறங்கி நடந்தீங்களா" என்று ஆரம்பிப்பாள்.

"டீச்சர், ஒப்பிக்கட்டுமா?" என்பான் அவன். வீக்கம், வலி, சூடு, சிவப்பு, மூச்சு, நெஞ்சு என்று அவள் பாடத்தை அவள் குரலிலேயே மூச்சு விடாமல் ஓட்டிவிட்டு, "ஒண்ணும் இல்லை. பாஸா?" என்று முடிப்பான். பாஸ் என்பாள். படுத்தால் பாயில் பாதி காலியாகக் கிடக்கிறது என்று சொல்ல நினைப்பாள், "தண்ணி நிறையக் குடிங்க" என்றுதான் வாயில் வரும். அவனுக்கு அது புரியும். புரிந்துகொண்டு, "குடிக்கிறேன், டீச்சர்" என்பான். அவர்களுடைய கொஞ்சல் அவ்வளவுதான்.

* இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது. கேள்வி முன்கூட்டியே தெரிந்த பிள்ளை எப்போதாவது பெயிலாகுமா? அவள் என்ன கேட்பாள் என்று தெரிந்தவனுக்கு எதை மறைக்க வேண்டுமென்றும் தெரியும். அளவுக்கு மீறிச் சொல்லிக்கொடுத்ததில் வந்த வினை.

4

அன்று அவன் ஊர் திரும்புகிற வழியில் இருந்தான். வெயில் காலத்தில் போனவன், மழை பிடித்துக்கொண்ட பிறகுதான் வருகிறான். ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து கூப்பிட்டான். அவள் பாட அறையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தாள்.

"விடியக்காலையில கதவைத் தட்டுவேன்."

"தூங்கினாத்தானே தட்டணும். முதல்ல ஒப்பிங்க."

"வீக்கம் இல்லை, வலி இல்லை, சூடு…" நின்றான். காற்றை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. "சூடு இல்லை, சிவப்பு…" மறுபடி நின்றான்.

அவள் கையிலிருந்த கவளம் பாக்ஸுக்கே திரும்பிப் போனது. அவன் அந்தப் பாடத்தை ஒருநாளும் நடுவில் நிறுத்தியதில்லை.

"ஏன் மூச்சு வாங்குது?"

"நடந்து வந்தேன், அதான்."

"வண்டி எங்க நிக்குது?"

(வண்டியில் சாய்ந்துகொண்டுதான் பேசிக்கொண்டிருந்தான்.)

"எந்தக் கால்?"

"இடது" என்றான் மெதுவாக. "கொஞ்ச நாளா. சொன்னா இங்கயே எங்கயாவது போய்ப் படுங்கன்னு சொல்லுவ. எனக்கு வீட்டுக்கு வரணும், டீச்சர். உன்னைப் பார்த்துட்டு உன் ஆஸ்பத்திரியிலயே படுத்துக்கிறேன்."

அவளுக்கு அவன் வேண்டும். சட்டையில் டீசல் வாடையோடு, வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தத்தோடு, இப்போதே வேண்டும். வாங்க என்கிற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"வராதீங்க" என்றாள். "ஸ்டியரிங்கைத் தொடாதீங்க. பங்க்ல யார்கிட்டயாவது போனைக் குடுங்க, ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொல்றேன். என்னைப் பார்க்கணும்னா வராதீங்க."

5

இதுவரை எழுதி டாக்டரிடம் காட்டினேன். "பிரமாதம். இப்ப அவன் கேட்காம வண்டியை எடுக்கிறான்" என்றார். எழுதிப் பார்த்தேன்.

"விடிந்த பிறகும் கதவு தட்டப்படவில்லை. அவள்—"

கை ஓடவில்லை. வீட்டுக்கு வர ஆசைப்பட்டதைத் தவிர அவன் செய்த குற்றம் என்ன?

இன்னொன்று: "ஆம்புலன்ஸ் வந்தது, மருந்து ஏறியது, அவன் சிரித்தபடி—"

இதையும் கிழித்தேன். எல்லாம் சுபம் என்று படித்தவர், நமக்கும் யாராவது வந்து பார்த்துக்கொள்வார்கள் என்று காலை நீட்டிப் படுத்துவிடுவார்.

ஆகவே போன் இன்னும் வைக்கப்படவில்லை. வராதீங்க என்று ஒருமுறை சொல்வதற்குத்தான் அவளிடம் தெம்பு இருந்தது. இப்போது முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு நிற்கிறாள். அழுகிறது கேட்டால் அவன் கிளம்பியே விடுவான், அது அவளுக்குத் தெரியும். பங்கில் இரண்டு பேர் பக்கத்திலேயே நிற்கிறார்கள், அவன் யாரிடமும் போனைக் கொடுக்கவில்லை. சாவி அவன் கையில்.

நான் போனை உங்களிடம் தருகிறேன். பிடியுங்கள். அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்:

"பேசாம இருந்தா எப்படி? மெதுவாவே ஓட்டிட்டு வரேன். உன்னைப் பார்க்கணும். கிளம்பட்டுமா?"