வெறும் காற்று

பிப்ரவரி 11, செவ்வாய்: நேற்று அப்பா நடந்த தூரத்தை 312 மீட்டர் என்று எழுதிவிட்டேன். 321தான். திருத்தியாயிற்று.

தினமும் செய்த தவறுகளை எழுதிவைக்கும் நோட்டின் மேல் சிவரஞ்சனி பேனாவை மூடிவைத்தாள். மாலை கணினி வகுப்பில் மற்றவர்கள் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். எழுத வேண்டிய தவறு இதுவல்ல என்று அவளுக்குத் தெரியும்.

அவள் அப்பா கருத்தையா முப்பது வருடம் ராஜபாளையம் மில்லில் பஞ்சுத்தூசியைச் சுவாசித்தவர். தெருமுனை போவதற்குள் இரண்டு இடத்தில் நின்றுதான் போவார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நுரையீரல் நோயாளிகளுக்கு எட்டு வார நடைப்பயிற்சி, ஒரு ஆய்வுக்காக நடக்கிறது என்று கேள்விப்பட்டு அவள்தான் கூட்டிப் போனாள். நாலு பக்கப் படிவத்தை வரிவரியாகப் படித்தாள். மூக்குக்குழாயில் சிலருக்கு ஆக்சிஜன் வரும், சிலருக்குச் சாதாரணக் காற்று. யாருக்கு எது என்பது கடைசியில்தான் தெரியும் என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. சொன்னால் வரமாட்டார் என்று பயந்து, ஆக்சிஜன் வைத்து நடக்கவைப்பார்கள் என்று மட்டும் சொன்னாள். அவள் சொல்லை நம்பி, வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். மறுநாள், குழாய் இடைவெளியில்லாமல் பொருந்தட்டும் என்று, இளவட்டத்திலிருந்து வைத்திருந்த மீசையை மழித்துவிட்டு வந்து நின்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

எட்டு வாரமும் முடிந்து, யாருக்கு எது என்று எழுதியிருந்த உறையை இன்று பயிற்சியாளர் ஷெரின் பிரித்தார். கருத்தையாவுக்கு வந்தது வெறும் காற்று.

"எனக்கு நெச ஆக்சிஜனாம். உம்மளவிடக் கம்மியாத்தான் நடந்திருக்கேன், மாமா. போன மீசைக்கு ஒரு கேஸ் போடும்" என்று கூட நடந்த ரத்தினம் சிரித்தார்.

இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருக்கிறது, நடைதான் மருந்து, விடாமல் நடக்க வேண்டும் என்றார் ஷெரின். எல்லாம் படிவத்தில் இருக்கிறதே என்றும் சொன்னார். கருத்தையாவின் காதில் ஏறியது அந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான்.

பஸ் மடவார் வளாகம் தாண்டியதும் கேட்டார்.

"மூணாம் பக்கத்த வாசிச்சியா?"

"வாசிச்சேம்ப்பா."

"மில்லுல சூப்பர்வைசரும் இப்படித்தான், தூசி ஒண்ணும் பண்ணாதும்பான். அவன் வேத்தாளு, சிவரஞ்சனி."

எப்போதும் 'தாயி' என்றுதான் கூப்பிடுவார். இனி நடக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, மேலுதட்டை விரல்களால் மூடிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இறங்கியதும் அவளுக்காகக் காத்திருக்காமல் முன்னால் போனார். பழக்கதோஷத்தில் அவள் மின்கம்பங்களை எண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்பது கம்பம். வழக்கமாக மூச்சு வாங்க நிற்கும் இரண்டு இடத்திலும் அவர் நிற்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

வகுப்பில் உட்கார்ந்தபடி அவள் பேனாவை மறுபடி திறந்தாள்.

நாளை: காலை ஆறு மணிக்கு, நாலு பக்கத்தையும் அப்பாவுக்கு முழுதாக வாசித்துக் காட்ட வேண்டும்.