தடுப்புக்குள் ஒரு தேர்தல்

குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் ஹரோவில் பின்னேரம் மூன்று மணிக்கு. யோகலிங்கத்தை மனைவி நகுலேஸ்வரி வீட்டைவிட்டுத் துரத்தியது காலை பத்து மணிக்கு.

“வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் துவங்குது. அதுக்கு முதல் படி இறங்குங்கோ.”

“அஞ்சு மணித்தியாலம் நான் என்னத்தைச் செய்யிறது?”

“எங்கையெண்டாலும் போய் இருங்கோ. ரெண்டரைக்கு நான் மண்டப வாசலிலை நிப்பன். இதைத் தவறவிட்டால் இனி எப்ப கூப்பிடுவாங்களோ தெரியாது. பாஸ்போட் இல்லாமல் ஐப்பசியிலை ரொறன்ரோவுக்கு எப்பிடிப் போறது? மகளைத் தாரைவார்த்துக் குடுக்கிறது ஆர், தபால்காரனோ?”

மகளின் கலியாணத்துக்குப் போக விசா கேட்டு இரண்டு தரம் ‘இல்லை’ என்று கடிதம் வாங்கிய மனிதர். படி இறங்கினார்.

ரெய்னர்ஸ் லேனில் அவர் வேலை செய்யும் கடைக்குப் பக்கத்தில் ஷேர்கோவின் சலூன். ஷேர்கோ குர்திஷ்காரன். தமிழில் அவனுக்குத் தெரிந்தது ‘அண்ணை’ என்ற ஒரு சொல்தான்; மிச்சக் கதையெல்லாம் இங்கிலிஷில். அன்றைக்குச் சலூனைப் பூட்டிவிட்டு, வானில் தண்ணீர்ப் போத்தல்களை ஏற்றிக்கொண்டிருந்தான்.

“அண்ணை, எங்கடை ஊரிலை தேர்தல். வெளிநாட்டிலை இருக்கிறவைக்கு வோட் இல்லையாம். எங்கடை அரசாங்கத்துக்கு இங்கை இருக்கிற அலுவலக வாசலிலை ஆர்ப்பாட்டம். வாங்கோ, மூண்டு மணிக்கு முதல் நானே ஹரோவிலை கொண்டுவந்து விடுறன்.”

“அங்க இல்லாட்டி இங்க போடன்.”

“இங்கையும் எனக்கு இல்லை. உங்களுக்கு இருக்கோ?”

“ஓம். இலங்கை கொமன்வெல்த் நாடெல்லே, அதாலை எங்களுக்கு இங்க வோட் இருக்கு. விசா தந்த கையோடை போட்டனான்.”

“பாஸ்போட் இல்லாமலே?”

“இல்லாமலே.”

ஷேர்கோ வான் கதவை அடித்துச் சாத்தினான்.

வெறுங்கையோடு போகக்கூடாதென்று யோகலிங்கம் கடையிலிருந்து இரண்டு பெட்டி மீன் ரோல்ஸ் எடுத்துக்கொண்டார்.

அலுவலக வாசலில் பொலிசார் இரும்புத் தடுப்பு போட்டிருந்தார்கள். உள்ளே ஐம்பது பேர், இரண்டு கட்சி. ஒரு கட்சி மற்றக் கட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. இரண்டு பக்கமும் ஆட்கள் தடுப்பைத் தள்ளிக்கொண்டு றோட்டில் வழிந்தார்கள். இலங்கையில் கடைசிப் போர் நடந்த சித்திரை முழுக்கப் பாராளுமன்றச் சதுக்கத்து ஆர்ப்பாட்டத்தில் தொண்டராக நின்ற உடம்பு யோகலிங்கத்தினுடையது. சனம் றோட்டில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு அது சும்மா நிற்குமா? வானில் கிடந்த மஞ்சள் மேலங்கியை வெள்ளைச் சட்டைக்கு மேல் மாட்டினார். “உள்ளுக்கை வாங்கோ! பாதையை விடுங்கோ!” என்று கையை வீசினார். சனம் உள்ளே போனது.

ஒரு பெண் சார்ஜன்ட் நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள்.

“நீங்கள்தான் பொறுப்பாளரா? பெயர்?”

பொலிஸ் கேட்டால் பெயர் சொல்லிப் பழகியவர், சொல்லிவிட்டார். அவள் எழுதிவிட்டாள்.

“நல்லது. ஐந்து மணிவரை இந்த இடத்தை விட்டு அசையக்கூடாது. நீங்கள் போனால் கூட்டத்தைக் கலைத்துவிடுவேன்.”

“ஐயோ, நான் தமிழன்!”

“அதனால் என்ன?”

ஒரு மணிக்கு நகுலேஸ்வரியின் அழைப்பு வந்தது.

“எங்க நிக்கிறியள்? ஆரோ பொலிஸ் கதைக்கிற மாதிரிக் கிடக்கு.”

“சும்மா... அந்தப் பிள்ளை ரோல்ஸ் சாப்பிடுது.”

“எந்தப் பிள்ளை?”

அவர் தொலைபேசியை நிறுத்திவிட்டுச் சார்ஜன்டிடம் சத்தியப்பிரமாண அழைப்புக் கடிதத்தைக் காட்டினார். மகளின் கதையையும் சொன்னார். அவள் ரோல்ஸை விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

“வேறொருவர் பொறுப்பெடுத்தால் நீங்கள் போகலாம். ஆனால் எல்லாரும் அவரை ஏற்கவேண்டும்.”

ஷேர்கோ உடனே கையை உயர்த்தினான். மற்றக் கட்சியிலிருந்து ஹிவா என்ற பெரிய மீசைக்காரர் குறுக்கே பாய்ந்தார்.

“இவனோ? இவன் சொன்னால் நாங்கள் கேக்கிறதோ? எங்களுக்கு அண்ணைதான் வேணும்!” அதற்குள் எல்லாருக்கும் அவர் அண்ணையாகியிருந்தார்.

“அண்ணைக்குப் போகவேணும்!” யோகலிங்கம் கத்தினார். “வோட் எடுங்கோ!”

அவ்வளவுதான். ஷேர்கோவா ஹிவாவா என்பதை விட்டுவிட்டு, யாருக்கு வோட் உண்டு என்பதில் கூட்டம் சண்டை பிடித்தது.

“பன்னிரண்டு மணிக்குப் பிறகு வந்தவைக்கு இல்லை!”

“ட்ரெயின் பிந்தினால் நான் என்ன செய்ய?”

“அவள் இங்கை லூட்டனிலை பிறந்தவள், அவளுக்கு என்னெண்டு வோட்?”

“வோட் இல்லையெண்டு கத்தத்தானே வந்தனியள்?” என்றார் யோகலிங்கம். “நிக்கிற எல்லாருக்கும் வோட்! கெதியாப் போடுங்கோ, எனக்கு நேரம் போகுது!”

ரோல்ஸ் சாப்பிட்டுக் கை துடைத்த கடதாசிதான் வாக்குச்சீட்டு. வெறும் பெட்டிகள் இரண்டும் வாக்குப்பெட்டி, ஷேர்கோவுக்கு ஒன்று, ஹிவாவுக்கு ஒன்று. விரல் நுனியால் பிடித்துப் பிடித்துச் சார்ஜன்டே எண்ணினாள்.

“இருபத்தைந்து. இருபத்தைந்து.”

மணி ஒன்று ஐம்பது.

“அண்ணை இன்னும் போடேல்லை!” என்றான் ஷேர்கோ. “இந்த நாட்டிலையும் உங்களுக்கு வோட், இந்தத் தடுப்புக்குள்ளையும் உங்களுக்கு வோட். போடுங்கோ அண்ணை!” வெற்றி கைக்குள் என்ற நினைப்பில் பல் முழுதும் தெரியச் சிரித்தான். வானின் திறப்புக்கொத்து அவன் இடுப்புப்பட்டியில் ஆடிக்கொண்டிருந்தது.

யோகலிங்கம் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். திறப்பைப் பார்த்தார். கடதாசியை ஹிவாவின் பெட்டிக்குள் போட்டார்.

“அண்ணை!”

“நீ ஐஞ்சு மணிவரைக்கும் இங்க நிண்டால், வானை ஆர் ஓடுறது?”

மேலங்கி ஹிவாவுக்குப் போனது. அவருடைய வயிற்றைச் சுற்றி அதைப் பூட்ட எட்டவில்லை. ஷேர்கோ ஹேங்கர் லேன்வரை வானை விரட்டினான். அங்கே சிவப்பு விளக்கில் நின்றபோது சொன்னான்.

“ஊரை விட்டுப் பதினொரு வருசத்துக்குப் பிறகு எனக்கொரு தேர்தல். அதிலையும் என்னைத் தோக்கடிச்சிட்டியள்.”

“விளக்குப் பச்சை. ஓடு.”

மூன்றுக்கு நான்கு நிமிடம் இருக்க மண்டப வாசலில் இறங்கினார்கள். நகுலேஸ்வரி கணவனை உள்ளே தள்ளினாள். அரைமணித்தியாலத்தில் அவர் சான்றிதழோடு வெளியே வர, சட்டையில் ரோல்ஸ் சோஸ் கறையைத் துடைத்துவிட்டபடி சொன்னாள்:

“பாத்தியளே, ராகுகாலத்துக்கு முதல் இறக்கிவிட்டபடியால் ஒரு கரைச்சலும் இல்லாமல் முடிஞ்சுது.”

“என்ன சொல்லுறா?” என்று ஷேர்கோ கேட்டான்.

“உனக்கு நன்றி சொல்லுறா.”

“நான் தோத்த கதையையும் சொல்லிவிடுங்கோ,” என்றான் ஷேர்கோ.